விழுந்தாலும் அடிபடாத டிஸ்க்

சாத்தூரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கும் வேல்சாமிக்கும் அவர் மனைவி சண்முகக்கனிக்கும், கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, லேப்டாப்புக்குள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அன்றைக்கு வேல்சாமி யாரோ ஒருவர் வீட்டுப் பெயர்சூட்டு விழாவுக்குப் பத்திரிகை தயார் செய்துகொண்டிருந்தார். எழுத்துப் பிழை பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, அவர் உருவாக்காத ஒரு ஃபோல்டர் திரையின் மூலையில் இருந்தது. திறந்தால் ஒரே ஒரு படம். அவர்கள் வீட்டுப் பச்சைக்கோடு ஜமுக்காளத்தில், கண்கூடச் சரியாகத் திறக்காத ஒரு சிசு, கை இரண்டையும் மூடிக்கொண்டு, யாரோடோ சண்டைக்குப் போகிற மாதிரி படுத்திருந்தது. மூக்கு சண்முகக்கனியின் மூக்கு. காது, பாவம், அப்படியே வேல்சாமியின் காது.

மறுநாள் பத்தேகாலுக்கு இரண்டாவது படம் வந்தது, அதற்கு மறுநாள் மூன்றாவது. குழந்தை ஒரு நாளைக்கு ஒரு நாள் என்ற கணக்கில், எல்லாக் குழந்தைகளையும் போல ஒழுங்காக வளர்ந்தது. படத்தை எடுப்பது யார் என்று எங்கள் வடக்குத் தோப்புத் தெருவில் ஒரு வாரம் பேசினோம். பிறகு குழந்தைக்குச் சளி பிடித்திருப்பது படத்தில் தெரிந்ததால், பேச்சு கற்பூரவல்லிச் சாற்றுக்கு மாறிவிட்டது. அதோடு அந்தக் கேள்வியை நாங்கள் விட்டுவிட்டோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதுவரை நாங்கள் சண்முகக்கனியிடம் நல்லபடியாக நடந்துகொண்டவர்கள் இல்லை. வளைகாப்பு என்றால் அவளையும் கூப்பிடுவோம், ஆனால் வளையல் போட எழுப்ப மாட்டோம். அவளும் அதைத் தெரிந்துகொண்டு, பந்தியில் சாம்பார் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை இருப்பதுபோல நடமாடுவாள். படம் வந்த பதினாறாம் நாள், எதிர்வீட்டுச் சந்திரா மதினி ஒரு தொட்டில் சேலையை எடுத்துக்கொண்டு போய், உத்தரத்தில் கட்டி, அதற்குள் லேப்டாப்பை வைத்து, சார்ஜர் வயர் இழுபடாமல் பார்த்துக்கொண்டு, மூன்று முறை ஆட்டி, அதன் ஓரத்தில் வாயை வைத்துப் பொன்மலர், பொன்மலர், பொன்மலர் என்று கூப்பிட்டாள். சண்முகக்கனி அன்றைக்கு அழுத அழுகையில் எங்கள் எல்லோருக்கும் கூச்சமாகிவிட்டது. அதற்கப்புறம் எந்த வளைகாப்பிலும் அவள் சாம்பார் வாளியைத் தொட நாங்கள் விடவில்லை.

போலியோ சொட்டு மருந்து போட வந்த நர்சம்மா, வீட்டில் பிள்ளை எத்தனை என்று கேட்டு, கேட்ட பதிலை ஒரு நிமிஷம் யோசித்து, கதவில் சாக்பீஸால் ஒன்று என்று எழுதிவிட்டுப் போனார். மறுநாள் படத்தில் குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை இருந்தது. இருக்கன்குடி மாரியம்மன் கோவிலில் காது குத்தியபோது லேப்டாப்பைத் தாய்மாமன் மடியில் வைத்தோம். ஆசாரி திரையில் எங்கே குத்துவது என்று திகைத்து, ஊசியை லேசாகக் காட்டி எடுத்தார். மறுநாள் படத்தில் இரண்டு காதும் வீங்கி, பொன்மலர் எங்களையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தாள். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாது என்று ஹெச்.எம். கறாராகச் சொல்லிவிட்டார், ஆனாலும் ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஜன்னலோர பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். அந்த இடத்தில் உட்கார்ந்து அவள் சிலேட்டைப் பிடித்திருக்கும் படம் ஜூன் மாதம் வந்துவிட்டது. வேல்சாமி அடிக்கும் பத்திரிகைகளில், கீழே வீட்டுக் குழந்தைகளின் பெயரைப் போடும் வரியில், யாரும் சொல்லாமலே சொந்தக்காரர்கள் எல்லோரும் பொன்மலரின் பெயரையும் எழுதிக் கொடுத்தார்கள்.

இப்படியாகப் பதினெட்டு வருஷம் ஓடியது. பிள்ளை வளர வளரப் படமும் கனத்தது. கைக்குழந்தையாக இருந்தபோது துளியூண்டு இருந்த ஃபைல், அவள் பிளஸ் டூ முடித்தபோது முப்பது எம்பி ஆகியிருந்தது. ஆனால் அவள் சாத்தூர் எல்லையைத் தாண்டிய படம் ஒன்றுகூட வந்ததில்லை; வீடு, தெரு, பள்ளிக்கூடம், வைப்பாற்றுப் பாலம், மிஞ்சிப்போனால் பஸ் ஸ்டாண்டு. அந்தப் பழைய லேப்டாப்பும் வீட்டைத் தாண்டி எங்கேயும் போனதில்லை, காது குத்தப் போனதைத் தவிர. சண்முகக்கனி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் தலைமாட்டில் ஓடவிட்டு, உள்ளே டிஸ்க் சுற்றுகிற அந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கண்ணயர்வாள். பிள்ளை மூச்சு விடுகிறது என்பாள். அப்படி இல்லை என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

இந்தச் சித்திரையில்தான் சத்தம் மாறியது. டிக், டிக், டிக் என்று உள்ளே யாரோ நகத்தால் தட்டினார்கள். ஒரு படம் திறக்கக் கால் மணி நேரம் ஆனது. அதற்கடுத்த நாள் வந்த படத்தில் பொன்மலர் இடுப்பு வரைதான் இருந்தாள். கீழே எல்லாம் சாம்பல் நிறம். மறுநாள் சாம்பல் நெஞ்சு வரை ஏறியிருந்தது. சண்முகக்கனி லேப்டாப்பைச் சேலையில் சுற்றி, மார்போடு அணைத்து, வெயிலில் செருப்புக்கூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் சேவியரின் கடைக்கு ஓடினாள். வேல்சாமி அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். அவர்களுக்குப் பின்னால் நாங்கள் ஒரு பதினைந்து பேர் போனோம்.

சேவியர் இருபது வருஷமாகச் செல்போனும் லேப்டாப்பும் ரிப்பேர் செய்கிறவர், வாய் ஓயாதவர். அன்றைக்கு அவர் ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து ஸ்குரூவைக் கழற்றினார். பின்பக்க மூடியைத் திறந்ததும் கடை முழுக்கச் சாம்பிராணி வாசம் அடித்தது. காற்றாடியின் இறக்கையில் விரல் மொத்தத்துக்குக் கரி. அதன் இடுக்கில் அட்சதை அரிசி, காய்ந்துபோன மல்லிகை, குங்குமம், ஒரு மிளகாய் விதை. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை தவறாமல், பிள்ளைக்குக் கண் பட்டுவிடக் கூடாது என்று, சந்திரா மதினி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டு, கற்பூரம் ஏற்றி, சாம்பிராணிப் புகையை லேப்டாப்பின் நாலு பக்கமும் காட்டுவாள். காற்று உள்ளே போகும் ஓட்டையில் புகை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து, பிள்ளை ஆசையாக வாங்கிக்கொள்கிறது என்று நாங்களெல்லாம் சந்தோஷப்பட்டோம். பதினெட்டு வருஷத்துப் புகை. காற்றாடி சுற்ற முடியாமல் சூடு ஏறி ஏறி, டிஸ்க் வெந்துபோயிருந்தது. சந்திரா மதினி கடை வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் கொன்றேன் என்று அவள் தலையில் அடித்துக்கொள்ள, சண்முகக்கனி போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை.

காற்றாடியைத் துடைத்துவிடலாம், ஆனால் டிஸ்க் இன்னும் நாலைந்து நாள்தான் தாங்கும், அதற்குள் வேறு ஒன்றுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்றார் சேவியர். மறுநாள் காலை அவர் மூன்று டிஸ்க்கை ஒரு வெள்ளைத் துண்டின் மேல் வரிசையாக வைத்துவிட்டு ஆள் அனுப்பினார். பெண் பார்க்கப் போகிற மாதிரி எல்லோரும் முகம் கழுவிக்கொண்டு போனோம்.

முதலாவது பழையது. இதே கம்பெனி, இதே வருஷம், இதே நூற்றறுபது ஜிபி, வேறு ஒரு லேப்டாப்பிலிருந்து கழற்றியது. இரண்டாவது, அதே மாதிரி சுற்றுகிற டிஸ்க், புதுசு, ஆனால் பழைய குழியில் தொளதொளவென்று ஆடும் அளவுக்கு ஒல்லி. மூன்றாவது எஸ்எஸ்டி. தீப்பெட்டி மாதிரி லேசாக இருந்தது, உள்ளே சுற்றுகிற தட்டு கிடையாது, ஒரு டிபி. ஒல்லியானதைச் சேவியரே ஓரமாகத் தள்ளிவிட்டார். ஆடுகிற தொட்டிலில் போடலாம், ஆடுகிற டிஸ்க்கில் போட முடியாது என்றார்.

வேல்சாமி ஜிபி கேட்கவில்லை, வருஷம் கேட்டார். சேவியர் ஒரு பழைய பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டார். பழையதில் பத்திரிகை வேலையை எல்லாம் அழித்துவிட்டால் அவளுக்கு இன்னும் ஐந்து வருஷம் இடம் இருக்கும். எஸ்எஸ்டியில் எழுபத்தைந்து வருஷம். பொன்மலர் கிழவியாவதை அதுவரை எங்களில் ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஆனால் வேல்சாமிக்குப் பழையதுதான் பிடித்தது. அதை மின்சாரத்தில் போட்டுக் காட்டச் சொன்னார். அது சுற்றியது, அதே மெல்லிய சத்தம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதையே மாட்டினால் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது, ராத்திரி தூங்கின இடத்திலேயே காலையில் எழுந்திருக்கிற மாதிரி இருக்கும், ஐந்து வருஷம் கழித்து வருவதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் பேசிக்கொண்டே போனார். சேவியரும் ஆமாம் என்றார். எது வந்து இந்தப் படத்தையெல்லாம் கொடுக்கிறது என்று தனக்குத் தெரியாது, இருப்பது இருப்பதுபோல நடக்க வேண்டும் என்றால் அதே மாதிரி டிஸ்க்தான் நல்லது, எஸ்எஸ்டிக்கு மாறினால் படம் தொடர்ந்து வருமா என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

சண்முகக்கனி மூன்றாவதைக் கையில் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள்.

“சத்தமே இல்லையே தம்பி.”

“இருக்காது மதினி. இதுல சுத்துறதுக்கு ஒண்ணுமில்ல.”

அவள் அதையும் பழையதையும் கைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இதுல எது கீழ விழுந்தா அடிபடாது?”

சேவியர் எஸ்எஸ்டியைக் காட்டினார். பழையது ஓடும்போது மேஜையிலிருந்து விழுந்தால் அதோடு முடிந்தது, இது மாடியிலிருந்து விழுந்தாலும் எழுந்து நிற்கும் என்றார்.

“அப்ப இதையே மாட்டுங்க.”

வேல்சாமி குறுக்கே பேசினார். படம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். அவர் கேட்டது கோபத்தில் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. சண்முகக்கனி அவர் பக்கம் திரும்பினாள்.

“நம்ம பாக்கணுங்கிறதுக்காக அவள இன்னும் அஞ்சு வருசம் அந்தப் பழைய டப்பாக்குள்ளயே வச்சிருக்கச் சொல்றீங்களா? பிள்ளைக்குப் பதினெட்டு வயசாச்சுங்க. கால நீட்ட எடம் வேணாமா?”

வேல்சாமி வாசலில் போய் நின்றுகொண்டார்.

நகல் எடுக்க ஒன்பது மணி நேரம் ஆனது. நாங்கள் கடை முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்தோம், பஸ் ஸ்டாண்டு கக்கூஸுக்குப் போகிற நேரம் தவிர யாரும் எழுந்திருக்கவில்லை. ஆறாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் படத்தில் ஒன்றே ஒன்று மட்டும் வரவில்லை, நான்கு வயதில் ஒரு நாள். அது அவளுக்கு அம்மை போட்டிருந்த நாள், அன்றைக்கு அவளை யாரும் பார்க்காமல் இருப்பதே நல்லது என்றாள் சண்முகக்கனி. சாயங்காலம் ஆறு மணிக்கு டிஸ்க்கை மாட்டி லேப்டாப்பை மூடிக் கொடுத்தார் சேவியர். கடைசி இரண்டு படங்கள் சாம்பலாகத்தான் இருந்தன. மற்ற எல்லாப் பொன்மலரும் தட்டியவுடனே சட்டென்று வந்து நின்றார்கள். பழைய டிஸ்க் அதே நேரத்தில் கடைசியாக ஒரு முறை டிக் என்றது, பிறகு ஓய்ந்துவிட்டது.

மறுநாள் பத்தேகாலுக்குப் படம் வரவில்லை.

அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சந்திரா மதினி சோறு பொங்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். துக்க வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று கூடவே ஒரு அப்பளக் கட்டையும் வைத்தாளாம். வேல்சாமி மனைவியோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே ஒரு தடவை, இருந்த மாதிரியே இருந்திருக்கலாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னதாகக் கேள்வி. சண்முகக்கனி தினமும் காலையில் லேப்டாப்பைத் திறந்து, பத்து மணியிலிருந்து பதினொரு மணி வரை முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, மூடிவைத்துவிட்டு உலை வைக்கப் போவாள். மதியம் படுப்பதில்லை. சத்தமில்லாத வீட்டில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் தெருவும் கெட்டுப்போனது. அவள் தண்ணீர் பிடிக்க வந்தால் நாங்கள் பிள்ளைகளைப் பற்றிய பேச்சை நிறுத்தினோம். கோயம்புத்தூரில் வேலைக்குப் போன மகனைப் பற்றியோ, மதுரை ஹாஸ்டலில் இருக்கும் மகளைப் பற்றியோ குறை சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அவளைப் பார்த்ததும் மழை வருமா என்று கேட்டுக்கொண்டோம். பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பழைய கேவலமான மரியாதை எங்களிடம் தானாகத் திரும்பிவந்திருந்தது. அதை நாங்கள் உணர்ந்தோம், வெட்கப்பட்டோம், ஆனாலும் வாய் திறக்க முடியவில்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விடுவாள். மனசு பொறுக்காமல் சந்திரா மதினி ஒரு நாள் பின்னாலேயே போய், உன் முடிவு சரிதான் கனி என்று சொன்னாள். சரியோ தப்போ, பிள்ளை நல்லா இருந்தா போதும் மதினி என்று சண்முகக்கனி சொன்னாள். இருக்கிறாளா என்றுதான் தெரியவில்லை என்று அவள் சொல்லவில்லை. அதை நாங்களே நினைத்துக்கொண்டோம்.

இருபத்து நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பத்தேகால் ஆனது, பதினொன்று ஆனது, சண்முகக்கனி லேப்டாப்பை மூடப் போனாள். அப்போது திரையில் ஒரு ஃபைல் கூடியது.

அவள் போட்ட சத்தத்தில், குளித்துக்கொண்டிருந்த வேல்சாமி ஈரத் துண்டோடு ஓடிவந்தார். படத்தில் சாம்பல் துளியும் இல்லை. ஒரு பெரிய இரும்புக் கேட்டின் முன்னால், தோளில் பை மாட்டிக்கொண்டு, பொன்மலர் தலை முதல் கால் வரை முழுசாக நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். பக்கத்தில் யாரோ ஒரு பெண்ணின் கை மட்டும் அவள் தோளில் கிடந்தது. அந்தக் கைக்காரி என்ன சொன்னாளோ, பொன்மலர் கேமராவைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் பச்சையாக ஒரு மலை, மலை மேல் மேகம். சாத்தூரில் அப்படி ஒரு மலை கிடையாது, அப்படி ஒரு பச்சையும் கிடையாது.

வேல்சாமி திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஈரத்தோடு தெருவுக்கு வந்து, இது எந்த ஊர் மலை, எந்தக் காலேஜ், இங்கே போக எந்த பஸ் என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திக் கேட்டார். துண்டு நழுவுவது அவருக்குத் தெரியவில்லை, நாங்களும் சொல்லவில்லை. குற்றாலத்து மலை என்றார் ஒருவர், கொடைக்கானல் என்றார் இன்னொருவர். இத்தனை நாள் பேசாததற்கு எல்லாம் சேர்த்து அவர் உள்ளே பார்த்து, கனி, கனி, பிள்ளை காலேஜில் சேர்ந்துவிட்டாள் என்று கத்தினார்.

சண்முகக்கனி வெளியே வந்தாள். குழாயடியில் நாங்கள் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தோம். அவள் கண் சிவந்திருந்தது, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நேராக எங்கள் நடுவில் வந்து நின்று, இடுப்பில் கையை வைத்தாள்.

“இருபத்துநாலு நாளு. அப்பனும் ஆத்தாளும் இருக்காங்களா செத்தாங்களான்னு ஒரு நெனப்பு வேணாம்? போன எடத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கா பாருங்க, சிரிச்சுக்கிட்டு.”

சந்திரா மதினி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, என் மகன் மட்டும் என்ன வாழுதாம், பொங்கலுக்குப் பேசினவன் இன்னும் பேசவில்லை என்று ஆரம்பித்தாள். மதுரை ஹாஸ்டல் பெண்ணின் அம்மா, உன் மகளாவது ஞாயிற்றுக்கிழமையை ஞாபகம் வைத்திருக்கிறாளே என்றாள். ஆளாளுக்குப் பிள்ளைகளைத் திட்டினோம். குடம் நிரம்பி வழிந்ததை யாரும் பார்க்கவில்லை. எல்லோரையும்விட உரக்கத் திட்டியது சண்முகக்கனிதான். படிக்கப் போனால் பெற்றவளை மறந்துவிடுமா, வரட்டும், வந்ததும் காதைத் திருகுகிறேன், சாப்பிடுகிறாளோ என்னவோ, கன்னமெல்லாம் ஒட்டிப்போய்க் கிடக்கிறது என்று, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், மதியச் சோறு ஆறிப்போகும் வரை அவள் திட்டிக்கொண்டே இருந்தாள்.